சந்திரசேகர் என்று தேடினால் சந்திரசேகரே வரவில்லை: ஒரு பெயர் ஆப் விமர்சனம்

குழந்தைப் பெயர் ஆப்களுக்கு விமர்சனம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எத்தனை ஆயிரம் பெயர் இருக்கிறது, டிசைன் எப்படி, விளம்பரத் தொல்லை எவ்வளவு என்று எழுதிவிட்டு நட்சத்திரம் போட்டு முடித்துவிடுகிறார்கள். பெயர் ஆயிரக்கணக்கில் இருந்து என்ன பயன், நமக்கு வேண்டியது ஒன்றுதானே. அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு பெயரை எடுத்துக்கொண்டு, அதற்கு இந்த ஆப் என்ன சொல்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று தோண்டிப் பார்த்தேன். பெயர்: சந்திரசேகர்.

இந்தப் பெயர் ஏன் என்றால், அது எங்கள் அப்பா பெயர். அண்ணனுக்கு மகன் பிறந்திருக்கிறான், தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை, அண்ணிக்குத் தயக்கம். "தம்பி, நீங்களே சொல்லுங்க, சந்திரசேகர்னு வெச்சா கடைசியில எல்லாரும் சேகர்னுதானே கூப்பிடுவாங்க? அந்தப் பேருல இப்ப யாரு இருக்கா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அண்ணன் அதற்குள் ஓர் ஆப்புக்கு ஆண்டுச் சந்தா கட்டிவிட்டு, பொருள், புகழ்பெற்றவர்கள், நட்சத்திர எழுத்து, எண்கணிதம் எல்லாம் இதிலேயே இருக்கிறது, நீயே பார்த்துச் சொல் என்று போனை என் கையில் கொடுத்துவிட்டார். ஆப்பின் பெயரை எழுதப்போவதில்லை. இதே சரக்கை வேறு வேறு நிறத்தில் பல ஆப்கள் விற்கின்றன, ஒன்றை மட்டும் திட்டினால் மற்றவை தப்பித்துக்கொள்ளும்.

முதலில் பொருள். தேடினால் வருவது இதுதான்: "சந்திரசேகர். பொருள்: நிலவை வைத்திருப்பவர், சந்திரனைச் சேகரிப்பவர்." நிலவை வைத்திருப்பவர் என்பதைக்கூட எங்கிருந்தோ மொழிபெயர்த்த அரைகுறை என்று விட்டுவிடலாம். சேகரிப்பவர் என்பதை என்ன சொல்வது? பழைய காசு, தபால் தலை சேகரிக்கலாம், நிலாவை எப்படிச் சேகரிப்பது? சேகரம் என்றால் தலையில் சூடுவது, முடிமேல் அணியும் அணி. சந்திரனைத் தலையில் சூடியவர் சந்திரசேகரர், அதாவது சிவன். தேவாரத்தில் மதிசூடி என்று வருவதும், பிறைசூடி, பிறைசூடன் என்று நாம் சொல்வதும் இதே ஆளைத்தான். சேகர் என்ற எழுத்துகளைப் பார்த்து 'சேகரி'யை நினைத்துக்கொண்டு யாரோ ஒருவர், அல்லது ஏதோ ஒரு இயந்திரம், எழுதித் தள்ளியிருக்கிறது.

சந்தேகத்துக்கு இதே குடும்பத்துப் பெயர்களையும் போட்டுப் பார்த்தேன். தனசேகரன், பணம் சேகரிப்பவர். சரி, இதைப் படித்துப் பல பெற்றோர் சந்தோஷப்பட்டுக்கூட இருக்கலாம். ராஜசேகரன், அரசர்களைச் சேகரிப்பவர். குலசேகரன் என்ற பெயருக்கு என்ன சேகரிப்பது என்று ஆப்புக்கே தெரியவில்லை போலிருக்கிறது, 'நல்லவர்' என்று போட்டுவிட்டது. குலத்துக்கே மணிமுடி போன்றவன் என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஒரு சேகரத்தைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தால் குணசேகரன், ஞானசேகரன் என்று ஒரு வரிசையே ஒழுங்காகியிருக்கும். இது ஒரு பெயரில் நடந்த எழுத்துப்பிழை கிடையாது, அடித்தளமே கோணல்.

பெயருக்குப் பின்னால் இருக்கும் கதையும் ஆப்பில் இல்லை. தக்கன் தன் 27 பெண்களையும் சந்திரனுக்குக் கட்டிக்கொடுக்க, அவன் ரோகிணியிடம் மட்டும் பிரியமாக இருக்க, மற்ற பெண்கள் அப்பாவிடம் போய் அழ, தக்கன் தேய்ந்து போ என்று சபிக்க, ஒவ்வொரு கலையாகக் குறைந்து கடைசிக் கீற்றோடு சிவனிடம் வந்து விழுந்தவனை அவர் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார் என்பது கதை. அதனால்தான் சிவன் தலையில் முழு நிலா இல்லாமல் பிறை மட்டும் இருக்கிறது. குழந்தைக்குப் பெயர் வைக்கிறவர்கள் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள இதைவிட நல்ல கதை வேண்டுமா? பல சிவன் கோயில்களில் உள்ளே லிங்கம் மூலவர் என்றால், வெளியே வீதிக்கு வரும் உற்சவர்களில் ஒருவர் சந்திரசேகரர்தான். செப்புத் திருமேனி, நேராக நின்ற கோலம், மேல் கைகளில் மழுவும் மானும், சடைமுடியில் சின்னதாக ஒரு பிறை. அலங்காரத்தில் பூ மூடிவிடுவதால் அந்தப் பிறை பெரும்பாலும் கண்ணில் படாது, அபிஷேகத்தின்போது நின்று பார்த்தால் தெரியும். ஆப்பில் இந்தப் பெயருக்குப் போட்டிருக்கும் படம் என்ன தெரியுமா? மேகத்துக்கு நடுவில் ஒரு பௌர்ணமி நிலா.

இனி முக்கியமான பகுதி, 'புகழ்பெற்றவர்கள்'. காசு கட்டினால்தான் இது திறக்கும், அதனால் இதை விரிவாகவே சொல்ல வேண்டும். அண்ணியின் கேள்விக்குப் பதிலும் இங்கேதான் இருக்க வேண்டும்.

திறந்தால் சினிமாக்காரர்கள் வரிசை, இயக்குநர் எஸ்.ஏ. சந்திரசேகர் முதலில். தப்பில்லை, தமிழ்நாட்டில் பெயரைச் சொன்னதும் பலருக்கு அவர்தான் ஞாபகம் வருவார். அவருக்குக் கீழே தெலங்கானாவின் முதல் முதலமைச்சர் கே. சந்திரசேகர ராவ், அதுவும் சரி, 2014 முதல் 2023 வரை பதவியில் இருந்தவர். அப்புறம் பெயர் தெரியாத நாலைந்து டிவி நடிகர்கள். கீழே இழுத்துக்கொண்டே போனேன், இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கிய சந்திரசேகரைக் காணோம். இந்தப் பெயரை உலகத்துக்கே தெரிய வைத்தவரே பட்டியலில் இல்லை!

எங்கே போனார் என்று தேடியதில் ஆள் கிடைத்தார், 'சுப்பிரமணியன்' என்ற பெயருக்குக் கீழே. இதில்தான் இந்த ஆப்களின் குட்டு வெளிப்படுகிறது. ஆங்கிலத்தில் அவரை சுப்பிரமணியன் சந்திரசேகர் என்று எழுதுவார்கள். சுப்பிரமணியன் அவருடைய அப்பா, நம் வழக்கப்படி இனிஷியல். எஸ். சந்திரசேகர் என்றுதான் நாம் எழுதுவோம். வெள்ளைக்காரர்கள் வழக்கத்தில் முன்னால் நிற்பதுதான் சொந்தப் பெயர் என்பதால், முதல் சொல்லை எடுத்து வகை பிரிக்கும் புரோகிராம் அவர் அப்பா பெயரை அவருக்குச் சூட்டிவிட்டது. தமிழர்களுக்காகத் தமிழில் விற்கும் ஆப்புக்கு இனிஷியல் என்றால் என்னவென்று தெரியவில்லை. டாடா சன்ஸ் தலைவர் என். சந்திரசேகரனுக்கும் இதே கதிதான், அவர் 'நடராஜன்' பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். நாமக்கல் மாவட்டம் மோகனூர்க்காரர், திருச்சி ஆர்.இ.சி.யில் (இன்றைய என்.ஐ.டி.) எம்.சி.ஏ. படித்து, டாடாவின் மென்பொருள் நிறுவனமான டி.சி.எஸ். தலைமைக்குப் போய், 2017இல் டாடா சன்ஸ் தலைவர் ஆனவர், மாரத்தான் வேறு ஓடுகிறவர். 'அந்தப் பெயரில் இப்போது யார் இருக்கிறார்' என்று கேட்கும் ஒரு தாய்க்கு முதலில் காட்ட வேண்டியவரை ஆப் வேறொரு பெயரில் ஒளித்து வைத்திருக்கிறது.

விஞ்ஞானி சந்திரசேகரின் விஷயத்தில் இன்னொன்றையும் தவறவிட்டிருக்கிறார்கள், எங்கள் வீட்டுக்கு அதுதான் வேண்டியிருந்தது. அவருக்கு வைத்தது தாத்தா பெயர். அந்தத் தாத்தா சந்திரசேகருக்கு இரண்டு பிள்ளைகள் இந்தக் கதையில் வருகிறார்கள். ஒருவர் சுப்பிரமணியன், இவருடைய அப்பா. இன்னொருவர் சி.வி. ராமன். அந்த 'சி' யார் என்றால் இதே சந்திரசேகரர்தான். ஆக, தாத்தாவின் பெயர் மகனுக்கு இனிஷியலாகவும் பேரனுக்குப் பெயராகவும் போய், இரண்டு பேரும் இயற்பியலுக்கு நோபல் வாங்கியிருக்கிறார்கள், ராமன் 1930இல், பேரன் 1983இல். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கலாமா என்று யோசிக்கும் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய சிபாரிசு கிடையாது. இதை நான் அம்மாவிடம் சொன்னபோது அம்மா உடனே அண்ணியைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இங்கே எழுத முடியாது.

ஆப்பில் 'சுப்பிரமணியன்' பக்கத்தில் அவரைப் பற்றி இருப்பதும் ஒன்றரை வரிதான்: பிறந்த ஆண்டு, விஞ்ஞானி, நோபல். 1910 அக்டோபர் 19இல் லாகூரில் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர், 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியபோது வயது 19, அந்தக் கப்பல் பயணத்திலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டு, எரிந்து முடிந்த விண்மீன் வெள்ளைக் குள்ளனாக நிலைத்து நிற்க ஓர் எடை வரம்பு உண்டு, அதைத் தாண்டினால் தாங்காமல் மேலும் சுருங்கிக்கொண்டே போகும் என்று கண்டவர். சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு என்பது அந்த வரம்பு, அதற்கே சந்திரசேகர் வரம்பு என்று பெயர். 1935 ஜனவரியில் லண்டனில் வானியல் சங்கக் கூட்டத்தில் இதைப் படித்தபோது, அன்றைக்கு வானியலில் பெரிய புள்ளியான எடிங்டன் எழுந்து, இப்படியெல்லாம் நட்சத்திரம் நடந்துகொள்ளாது என்று கேலி செய்து உட்கார வைத்தார். சந்திரசேகர் சண்டை போட்டுக்கொண்டிருக்காமல் 1937இல் அமெரிக்கா போய் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து வேறு வேறு துறைகளாக எழுதிக்கொண்டே இருந்தார், பரிசு வந்தபோது வயது 73. இதில் பாதியையாவது போட்டிருந்தால் கட்டிய காசுக்கு மரியாதை.

இன்னொரு சங்கதி. 1999 ஜூலை 23இல் நாசா விண்ணில் ஏவிய எக்ஸ்ரே தொலைநோக்கிக்கு 'சந்திரா' என்று பெயர். நண்பர்கள் அவரைக் கூப்பிட்ட பெயர் அது. போட்டி வைத்துப் பெயர் கேட்டபோது அதைச் சொல்லி ஜெயித்தவர்கள் ஒரு பள்ளி மாணவரும் ஒரு ஆசிரியரும், இருவருமே அமெரிக்காக்காரர்கள். சேகர் என்று கூப்பிடுவார்களே என்று கவலைப்பட்ட அண்ணியிடம் இதைச் சொன்னேன், "சந்திரான்னா பொம்பளைப் பிள்ளை பேரு மாதிரி இருக்கே தம்பி" என்றார். அதுவும் உண்மைதான்.

'சந்திரசேகர் ஆசாத்' என்று தட்டினால் இதைவிடக் கூத்து. மீசையை முறுக்கியபடி இருக்கும் அந்தப் பிரபலமான படம், பக்கத்தில் 1931இல் மறைந்தார் என்று தேதி, அதற்கு அடுத்த வரியில் உத்தரப்பிரதேசம் நகினா தொகுதி எம்.பி. என்று இருக்கிறது. அதே பெயரில் இன்றைக்கு அரசியலில் இருப்பவர் 2024இல் அங்கே ஜெயித்தவர், இரண்டு பேரையும் கலந்து ஒரே ஆளாக்கிவிட்டார்கள். பழைய ஆசாத்தின் கதையே பெயர் சம்பந்தப்பட்டது என்பதால்தான் இது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. 1906இல் பிறந்தவர், குடும்பப் பெயர் திவாரி. ஒத்துழையாமை இயக்கத்தில் பதினைந்து வயதில் பிடிபட்டு நீதிபதி முன்னால் நின்றபோது, பெயர் ஆசாத், அதாவது விடுதலை பெற்றவன், வீடு சிறைச்சாலை என்று சொல்லிக் கசையடி வாங்கிக்கொண்டு வந்தவர். 1931 பிப்ரவரி 27 அன்று அலகாபாத் ஆல்பிரட் பூங்காவில் போலீஸ் சுற்றி வளைக்க, பிடிபடாமலேயே உயிரை விட்டார். பூங்காவுக்கே இப்போது அவர் பெயர்தான். சொந்தப் பெயரோடு தானே ஒரு பெயரைச் சேர்த்துக்கொண்டவர், பெயர் ஆப்புக்கு இப்படி ஒரு ஆள் அல்வா மாதிரி, இருந்தும் கோட்டைவிட்டிருக்கிறார்கள்.

கிரிக்கெட் பிடிக்கும் வீடு என்றால் பி.எஸ். சந்திரசேகர் இல்லாமல் பேச்சே கிடையாது. அவர் இருக்கிறார், நல்லவேளை, ஆனால் 'இந்திய கிரிக்கெட் வீரர்' என்ற இரண்டே சொல்லோடு. சின்ன வயதில் போலியோ வந்து வலது கை சூம்பிப்போய், அதே கையால் வேகமான லெக் ஸ்பின் போட்டு 58 டெஸ்டில் 242 விக்கெட் எடுத்தவர். ஃபீல்டிங்கில் பந்தை எறிவது இடது கையால். 1971இல் ஓவல் மைதானத்தில் 38 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து இங்கிலாந்தை 101இல் சுருட்டியதுதான் அந்த மண்ணில் இந்தியா ஜெயித்த முதல் டெஸ்ட்டுக்கு வழி செய்தது, தொடரும் நமக்கே வந்தது. அவர் டெஸ்டில் அடித்த மொத்த ரன் 167, எடுத்த விக்கெட்டைவிடக் குறைவு! எங்கள் அப்பா இதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பார், பேட்டிங் வராவிட்டால் என்ன, பெயர் சந்திரசேகர் என்றால் போதும் என்பார்.

சென்னைக்காரர்கள் வி.பி. சந்திரசேகரை மறக்க மாட்டார்கள், 1988இல் இரானி கோப்பை ஆட்டத்தில் 56 பந்தில் சதம் அடித்த தொடக்க ஆட்டக்காரர். டேபிள் டென்னிஸில் ஒரு சந்திரசேகர் இருந்தார், தேசிய சாம்பியன், முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆட முடியாமல் போய், பயிற்சியாளராகத் திரும்பி வந்து அடுத்த தலைமுறையை உருவாக்கியவர், 2021இல் காலமானார். இரண்டு பேருமே ஆப்பில் இல்லை.

பிரதமராக இருந்த சந்திரசேகர் இருக்கிறார், தேதியோடு, 1990 நவம்பர் முதல் 1991 ஜூன் வரை. ஆட்சியைவிட அவருடைய நடைபயணம்தான் எனக்குச் சுவாரசியம். 1983இல் கன்னியாகுமரியில் தொடங்கி டெல்லி ராஜ்காட் வரை நடந்தே போனார். தமிழ்நாட்டில் அவரை நினைவு வைத்திருப்பது வேறு காரணத்துக்கு, 1991 ஜனவரியில் இங்கே தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது அவர் பிரதமராக இருந்தபோதுதான், எனவே எங்கள் பெரியப்பா முன்னால் இந்தப் பெயர்ப் பொருத்தத்தைச் சொல்லாமல் இருப்பது நல்லது. காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதியும் பட்டியலில் உண்டு, விழுப்புரத்தில் 1894இல் பிறந்தவர். ஆனால் அது துறவறப் பெயர், வீட்டில் வைத்த பெயர் சுவாமிநாதன் என்ற குறிப்பு இல்லை. ஒரு பெயர் ஆப்பில் இந்தக் குறிப்பு இல்லாமல் வேறு எங்கே இருக்கும்?

இந்தப் பகுதியில் ஒரே ஒரு நல்ல விஷயம், பட்டியலை வாட்ஸ்அப் அட்டையாக மாற்றி அனுப்பும் வசதி. வேகமாக வேலை செய்கிறது, எழுத்துரு அழகாக இருக்கிறது. தப்பான தகவலும் அதே அழகோடு குடும்ப குரூப்புக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்பதுதான் சிக்கல், அண்ணன் அனுப்பிய 'சந்திரனைச் சேகரிப்பவர்' அட்டைக்குச் சித்தப்பா மூன்று கைகூப்பும், ஒரு பூங்கொத்தும் போட்டிருந்தார்.

நட்சத்திர எழுத்துக்கு வருவோம். எனக்கு இதில் பெரிய நம்பிக்கை கிடையாது, ஆனால் விற்கிற சரக்கைச் சரியாக விற்க வேண்டும் அல்லவா. குழந்தைக்கு ரேவதி. ரேவதிக்குரிய எழுத்துகள் தே, தோ, ச, சி. சதயத்துக்கு கோ, ஸ, ஸி, ஸு. பழைய பஞ்சாங்கம் பார்ப்பவருக்கு இதில் குழப்பமே இல்லை, ஏனென்றால் சந்திரனின் 'ச' வேறு, சதீஷின் 'ஸ' வேறு என்று அவருக்குத் தெரியும். நாம் தமிழில் எழுதும்போது இரண்டையும் ஒரே ச போட்டு எழுதிவிடுகிறோம், பேசும்போதும் பலர் சந்திரனை மெல்லிய ச போட்டுத்தான் சொல்கிறோம். ஆப் என்ன செய்திருக்கிறது என்றால், தமிழ் எழுத்தை மட்டும் பார்த்துச் சந்திரசேகரைச் சதயத்தில் தள்ளிவிட்டு, ரேவதிக்குச் சதீஷையும் சஞ்சயையும் சிபாரிசு செய்கிறது, தலைகீழ். இதை நம்பி, ஐயோ நட்சத்திரத்துக்குப் பொருந்தவில்லையே என்று அண்ணி நிம்மதிப் பெருமூச்சு விட்டிருந்தார், ஜோசியர் வந்து ரேவதிக்கு இதுதான் பொருத்தமான எழுத்து என்று சொல்லும் வரை.

ஆப்புக்குள்ளேயே 'நிபுணரிடம் பேசுங்கள்' என்று ஒரு பொத்தான், அது தனிக் கட்டணம். எண்கணிதம். போனில் வந்தவர் மரியாதையாகப் பேசினார், அதைக் குறை சொல்ல முடியாது. கணக்கு மட்டும் நீங்களே போட்டுக்கொள்ளலாம், கால் மணி நேர வேலை, ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் என்று நம்மூரில் எல்லோரும் பயன்படுத்தும் அதே பட்டியல்தான். இனிஷியல் சேர்க்காமல், எச் ஒன்றே ஒன்று, அதுவும் 'சந்திர'வில் மட்டும் வைத்து எழுதினால் கூட்டுத்தொகை 34, அதன் இலக்கங்களையும் கூட்டினால் 7. 'சேகர்' பகுதியில் எஸ்ஸுக்குப் பின்னாலோ கே-க்குப் பின்னாலோ இன்னொரு எச் போட்டால் 39, அதாவது 3. நோபல் சந்திரசேகரும் கிரிக்கெட் சந்திரசேகரும் எழுதியது இப்படித்தான். இரண்டு இடத்திலும் எச் போட்டால் 44, அதாவது 8. எட்டு என்றாலே சனி என்று நம்மூரில் அலறுவார்கள், ஆனால் வடக்கே அப்படி எழுதுவது சகஜம், ஒருவர் பிரதமரே ஆகியிருக்கிறார். 'ன்' சேர்த்துச் சந்திரசேகரன் ஆக்கினால் 40, நாலு. வேடிக்கை என்னவென்றால், எண்கணிதத்தில் சந்திரனுடைய எண் 2, இந்தப் பெயரை மேலே சொன்ன எந்த விதத்தில் எழுதினாலும் அந்த 2 மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. நிபுணர் 39ஐப் பரிந்துரைத்தார், கூடவே கடைசியில் ஒரு 'ஆர்' அதிகமாகப் போட்டால் இன்னும் விசேஷம் என்றார். 39உடன் 2 சேர்த்தால் 41, அது 5. நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

எழுத்துக்கூட்டல் பற்றி உண்மையில் கவலைப்பட வேண்டிய காரணம் வேறு இருக்கிறது, அதை நிபுணரும் சொல்லவில்லை, ஆப்பும் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் குறைந்தது ஐந்தாறு விதமாக எழுதக்கூடிய பெயர் இது. எங்கள் அப்பாவுக்கு ரேஷன் கார்டில் ஒரு எச், பத்திரத்தில் இரண்டு எச், ஆதாரில் 'ன்' கிடையாது, ஒவ்வொரு முறையும் இவரும் அவரும் ஒருவரே என்று எழுதிக்கொடுத்துக் கையெழுத்து வாங்கி அலைந்தோம். பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்துவிட வேண்டும், பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், பதிவு செய்த 12 மாதத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் கட்டி 15 ஆண்டு வரை சேர்க்கலாம். அதனால் அவசரமே இல்லை, வீட்டில் சண்டை போட ஓராண்டு இலவசம். ஆனால் சான்றிதழில் ஒருமுறை ஏறிய எழுத்துக்கூட்டலே பள்ளி, பாஸ்போர்ட், வங்கி என்று எல்லா இடத்திலும் அப்படியே போக வேண்டும். ஒரு பெயர் ஆப் ஒவ்வொரு பெயருக்கும் வழக்கத்தில் உள்ள எழுத்துக்கூட்டல்களைக் காட்டி, இதில் ஒன்றை முடிவு செய்து எல்லா ஆவணத்திலும் இதையே எழுதுங்கள் என்று சொன்னால், அதற்காகவே நான் காசு கட்டச் சொல்வேன்.

ஒப்பிட்டுப் பார்க்கப் பேருந்து நிலையப் புத்தகக் கடையில் தொங்கும் குழந்தைப் பெயர் புத்தகம் ஒன்றும் வாங்கினேன், மட்டமான தாள், அட்டையில் கொழுகொழு வெளிநாட்டுக் குழந்தை. நூறு ரூபாய்கூட இல்லை. அதில் சந்திரசேகருக்கு எதிரே இருப்பது ஒரே வரி: "பிறையைத் தலையில் அணிந்த சிவபெருமான்." அவ்வளவுதான், சரியாக இருக்கிறது. புகழ்பெற்றவர்கள் யாரும் அதில் இல்லை, நட்சத்திர அட்டவணை கடைசிப் பக்கத்தில் கிரந்த எழுத்தோடு ஒழுங்காக இருக்கிறது. தூய தமிழில் வேண்டுமென்றால் என்று பிறைசூடன், மதிசூடி இரண்டையும் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். அண்ணிக்குப் பிறைசூடன் பிடித்துப்போய்விட்டது. அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை, பொருள் ஒன்றுதானே அத்தை என்று அண்ணி கேட்டால், பொருள் ஒன்றாக இருந்தால் உங்க மாமா பெயர் ஆகிவிடுமா என்கிறார். இதற்கு எந்த ஆப்பிலும் பதில் கிடையாது.

என் கணக்கில் ஆப்புக்கு ஐந்துக்கு ஒன்றரை, அந்த அரை வாட்ஸ்அப் அட்டையின் அழகுக்கு. இலவசப் பகுதியில் பெயர்களை வரிசையாகப் பார்த்துக் குறித்துக்கொள்ள மட்டும் வைத்துக்கொள்ளலாம், பொருளை வேறு எங்காவது சரிபார்த்துவிடுங்கள். புகழ்பெற்றவர்கள் பகுதிக்காகக் காசு கட்டவே வேண்டாம். நிபுணர் பொத்தான் பக்கமே போகாதீர்கள். ஏற்கெனவே சந்தா கட்டிவிட்டவர்கள் போனில் பிளே ஸ்டோர் சந்தாப் பகுதிக்குப் போய்த் தானாகப் புதுப்பிப்பதை நிறுத்திவிடுங்கள், ஆப்பை அழித்தால் மட்டும் அது நிற்காது, அடுத்த ஆண்டு குழந்தை நடக்க ஆரம்பித்த பிறகும் பெயர் தேடுவதற்குக் கணக்கிலிருந்து பணம் போகும்.